கலியமூர்த்தி கையைத் தூக்கிய சாயங்காலம்

முத்தியால்பேட்டையில் கலியமூர்த்தியைத் தெரியாதவர்கள் இல்லை. துணி மில்லில் தறி ஓட்டுகிறவன். ஆனால் அவனுக்குப் பெயர் வாங்கித் தந்தது தறி இல்லை, தொண்டை. மேஸ்திரி மூக்கால் பேசுவது, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் ரிக்‌ஷாக்காரனைப் பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் திட்டுவது, எதைக் கேட்டாலும் செய்து காட்டுவான். கல்யாண வீட்டில் பந்தி பிந்தினால் "கலியனைக் கூப்பிடு" என்பார்கள்.

சாயங்காலச் சங்கு ஊதி, மில் கேட்டைத் தாண்டினால் போதும், நாலு கைகள் அவன் தோளில் விழும். அந்தக் கைகள் அவனை நேராகச் சாராயக்கடையில் கொண்டுபோய் விடும். முதல் கிளாஸ் எப்போதும் அவனுக்குத்தான். அது மில் கூட்டாளி கோவிந்தசாமியின் கோஷ்டி வைத்த சட்டம். இரண்டாவது கிளாஸுக்குள் அவன் வாயில் மேஸ்திரி குரல் வந்துவிட வேண்டும்.

எழுபத்தொன்பதாம் வருஷம் மழைக்காலத்தில் அவன் கண் மஞ்சளாகிவிட்டது. டாக்டர் விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். "இனிமே ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஈரல் தாங்காது" என்றார். வீட்டுக்கு வந்ததும் மனைவி செல்வாம்பாள் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள்.

"வேற தெருவா வந்துடேன்யா."

"எந்தத் தெருவுலடி என்னைத் தெரியாதவன் இருக்கான்?"

அவன் சொன்னது சரிதான். மறுநாள் சங்கு ஊதியபின் சுற்றிக்கொண்டு போன தெருவில் சைக்கிள் கடைக்காரன் நிறுத்தினான். "அண்ணே, ஒரே ஒருவாட்டி அந்த சொல்தா!" அவன் செய்து காட்டி முடிப்பதற்குள் பின்னாலிருந்து இரண்டு கைகள் தோளில் விழுந்துவிட்டன.

"என்னாடா மச்சான், எங்கள உட்டுட்டு இந்தப் பக்கம்?" கோவிந்தசாமிதான். கூடவே இராமதாஸ்.

கடைக்குள் அவனை நடுவில் உட்கார வைத்தார்கள். சுவரோரம் நின்றவர்கள்கூட நகர்ந்து வந்தார்கள். கிளாஸ் வந்தது.

"எனக்கு வேணாம்டா. ஈரல் கெட்டுப் போச்சாம். ஒரு சொட்டு போனாலும் தாங்காதுன்னுட்டாரு டாக்டரு."

ஒரு நொடி எல்லாரும் அவனையே பார்த்தார்கள். பிறகு கடையே சிரித்தது.

"அச்சு அசலு டாக்டர்டா!"

"நெசமாத்தான் சொல்றேன். எம் புள்ள மேல சத்தியம்."

"அழுவுற மாதிரியே சத்தியம் பண்றான் பாரேன்!" இராமதாஸ் தொடையைத் தட்டிக்கொண்டான். "இன்னொருவாட்டி, இன்னொருவாட்டி!"

கலியமூர்த்தி மறுபடியும் சொன்னான். குரல் உடைந்தது. உடைந்த குரலுக்கு இன்னும் பெரிய சிரிப்பு வந்தது. ஊரார் குரலையெல்லாம் எடுத்துப் பேசிய வாயில், இது மட்டும் தன் சொந்தக் குரல் என்று இவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது? எழுந்தான். தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள். கோவிந்தசாமி ஒரு கையால் அவன் பிடரியைப் பிடித்து, மறு கையால் கிளாஸை உதட்டருகே கொண்டுவந்தான். பாசமாகத்தான்.

"டாக்டரு வந்துட்டுப் போயிட்டாரு. இப்ப நோயாளி மருந்து குடிக்கணும்ல?"

வாடை மூக்கில் ஏறியது. நாக்கு ஊறியது. அதுதான் அவனுக்குப் பெரிய பயம்.

அப்போது வாசலுக்கு எதிரே, பெட்டிக்கடையில் பீடி வாங்கிக்கொண்டிருந்த பக்கிரி கண்ணில் பட்டான். மில்லில் பக்கத்துத் தறிக்காரன். தறிச் சத்தத்திலேயே கிடந்து காது பாதி போனவன். கலியமூர்த்தியின் எந்தக் குரலும் அவனுக்குக் கேட்டதில்லை. அதனால் அவன் சிரித்ததும் இல்லை. "மரக்கட்டை" என்று அவனுக்குப் பெயர்.

தறிகள் ஓடும்போது அங்கே யார் குரலும் எடுபடாது. கையாலும் உதட்டாலும்தான் பேச்சு. தறியை விட்டு நகர முடியாமல் மாட்டிக்கொண்டவன், வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை மூடி மூடித் திறப்பான். அதைப் பார்த்த பக்கத்துத் தறிக்காரன், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வந்தே ஆக வேண்டும்.

கலியமூர்த்தி கையைத் தூக்கினான். விரல்களை மூடினான், திறந்தான்.

"இது யாருடா, ரோட்டுல கை காட்டுற செவப்புத் தொப்பிப் போலீசா?" என்று யாரோ கேட்க, மறுபடி சிரிப்பு.

பக்கிரி பீடிக்கட்டை அப்படியே பலகையில் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தான். உள்ளே வந்து கலியமூர்த்தியின் முகத்தைப் பார்த்தான். தறியோரம் நின்று பார்ப்பதுபோல, முகத்தை மட்டும் பார்த்தான்.

"வாய்யா மரக்கட்ட, நீயும் ஒன்னு போடு" என்றான் கோவிந்தசாமி.

"கண்ணு மஞ்சளா கெடக்கு. தெரியல ஒங்களுக்கு?" காது கேளாதவர்கள் பேசுவதுபோலக் கத்தித்தான் பேசினான். பிடரியிலிருந்த கையை எடுத்துவிட்டான். கிளாஸை வாங்கிக் கீழே வைத்தான். "எழுந்திரு."

"ரெண்டு பேரும் சேந்து போடுற நாடகம்டா இது!" பின்னால் கைதட்டினார்கள்.

பக்கிரியின் சைக்கிள் குருசுக்குப்பம் பக்கமாகக் கடலோரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. கேரியரில் உட்கார்ந்திருந்த கலியமூர்த்திக்கு ஏதாவது வேடிக்கை பேசி நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தான். முன்னால் இருப்பவனுக்குக் கேட்காது. வாயை மூடிக்கொண்டான். வீடு வரும்வரை அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் கடைப் பக்கம் போகவில்லை. கலியனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஊரில் பேசினார்கள். கல்யாண வீடுகளில் கூப்பிடுவது நின்றது. கோவிந்தசாமி கோஷ்டி மட்டும் கேட்டருகே நிற்பதை விடவில்லை. சங்கு ஊதும்போதெல்லாம் கலியமூர்த்தி கூட்டத்துக்குள் அந்தப் பழைய சைக்கிளைத் தேடுவான். அதைப் பிடித்துக்கொண்டு பக்கிரி நிற்பதைக் கண்ட பிறகுதான் கேட்டைத் தாண்டுவான்.