தராத மஜ்ஜை

அவித்த முட்டையை அக்கா உரிக்கும்போது அவள் விரல்களைத்தான் பார்ப்பேன். தேயிலைக் கொழுந்துக் கறை போகாத அந்த விரல்களில் ஊதா ஊதாவாகப் புள்ளிகள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தினம் ஒரு முட்டை கொடுத்தார்கள். ஞாயிறன்று நான் போனால் அதை எனக்குத் தந்துவிடுவாள், நான் பிள்ளைத்தாய்ச்சி என்று. நான் பிள்ளைத்தாய்ச்சி இல்லை.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். ரத்தம் ஊறுவது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். நோயோடு சண்டை போடும் அணுக்களும் அங்கேதான் பிறக்கின்றன. அவற்றில் சில நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள சுரப்பிக்குப் போய் முதிர்ந்து வேலைக்கு வருகின்றன. அக்காவின் மஜ்ஜை வற்றிவிட்டது. கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான், என் மஜ்ஜை பொருந்துகிறது, எடுத்தாலும் சில வாரங்களில் மறுபடி ஊறிவிடும் என்றார். செலவை ஏற்க ஒரு தர்ம ஸ்தாபனமும் முன்வந்திருந்தது. நான் தலையாட்டிவிட்டு மலையேறினேன்.

தேயிலை விலை தரையில் கிடந்த காலம் அது. எமரால்டு என்ற மலையூருக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் ஃபாக்டரி வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஓடியது. காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு ஆள்கள் வரிசையில் நிற்கும்போதே முடியாதவர்கள் யார் என்று எஸ்டேட் மேனேஜர் துரை கண்ணால் பொறுக்குவார். வேலைப் பதிவிலிருந்து பேர் போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். இலங்கைத் தோட்டத்தை விட்டு வந்த எங்களுக்குத் திரும்பிப் போக ஊர் கிடையாது. எனக்கோ இரண்டு குழந்தைகள். எலும்பைத் தோண்டினால் சரிவில் கூடையோடு நிற்க முடியாது என்று லயத்தில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். டாக்டரை விட்டுவிட்டு அவர்களை நம்பினேன்.

பிள்ளைத்தாய்ச்சியைத் துரையும் தொடமாட்டார், டாக்டரும் தொடமாட்டார். மூன்று மாதம் என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டேன். வேலை வாங்கும் கங்காணி ஏற்றமில்லாத தேயிலை நிரையாகப் பார்த்து எனக்கு ஒதுக்கினார். அந்தச் சமதளத்தில் நின்று கொழுந்து கிள்ளும்போதுதான் எனக்கு மூச்சு முட்டியது. உண்மையைச் சொன்னால் வீடு போகும், சொல்லாவிட்டால் அக்கா போவாள். வயிற்றில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று என்னைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, வேண்டாம் என்று தடுத்தவள் அக்காதான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவ்வளவு கேவலமாகப் போயிருந்தேன்.

ஒரு ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. அன்றும் முட்டையை உரித்து நீட்டினாள்.

“எனக்குத் தெரியும் தங்கச்சி. புள்ளைக்குன்னு திங்காத. ஒனக்குன்னே தின்னு.”

டாக்டரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொல்லி, இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அழுதேன். காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கிவிட்டது, இந்த நிலையில் செய்ய முடியாது என்றார். புதன்கிழமை அக்கா போய்விட்டாள்.

அடுத்த வருஷம் எஸ்டேட்டையே மூடி எல்லோருடைய பேரையும் ஒரே நாளில் எடுத்தார்கள். இப்போது அதே மலையில் பெர்ன்ஹில் பகுதியில் ஒரு வீட்டில் சமையல் வேலை. போன மாதம் பக்கத்துத் தெருவில் ரத்ததான முகாம் என்றார்கள், போனேன். பரிசோதித்த பெண் சீட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

“நல்ல ரத்தமுங்க அக்கா. இந்த வயசுல எல்லாருக்கும் இப்படி இருக்காதுங்க.”

 எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை நீட்டினேன்.