அடுத்த கேள்வி

போதை ஊசியைப் பகிர்வதால் எச்.ஐ.வி. பரவுவதை ஆராய்ந்த குழுவுக்காக, பக்கத்து வீட்டு ஜாய்ஸ் சதுரங்கப்பட்டினத்தில் ஊசிப் பழக்கம் உள்ள ஆட்களைத் தேடி ஆய்வில் சேர்த்தாள். "கடைசி வரைக்கும் பாத்துக்குவோம்" என்று அவர்களிடம் சொல்லியிருந்தாள். நிதி நின்றது, அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். அதன்பின் ஜாய்ஸ் அந்த ஆட்கள் கண்ணில் படாமல் சுற்றுவழியில் போய்வந்தாள்.

நேற்று நாங்கள் மீன் வாங்கும்போது சாம் வந்து நின்றான். அவள் சொல்லி ஊசியை விட்டவன்.

"இன்னாக்கா, என்ன பாத்தா போலீஸ் மாரியா கீது? ஓடிகினே கீற."

"நிதி நின்னுபோச்சுடா."

"டப்பு நின்னா வாயுமா நின்னுபோச்சு? மாசாமாசம் ரெண்டு கேள்வி கேப்பியே, கேளு."

ஜாய்ஸ் மீன்கூடையைப் பார்த்தபடி கேட்டாள். "ஊசி போட்டியா?"

"போன வாரம் போட்டேன்க்கா."

அவள் நிமிரவில்லை. அடுத்த கேள்வியையும் கேட்டாள்.

"யாரோட ஊசிடா?"

சாமும் மீன்கூடையைப் பார்க்க ஆரம்பித்தான்.