எடப்பாடி சாலையில் ஒரு தந்திக் கம்பி

1942, 'வெள்ளையனே வெளியேறு' போராட்டக் காலம். எடப்பாடி சாலையில் மைசூர் போகும், கரிவாயுவில் ஓடும் எங்கள் பஸ் மூச்சுவாங்கி நிற்கிறது. மேட்டூர் வழியாக மைசூர் சமஸ்தானத்துக்குப் போகும் தந்திக் கம்பியை விடியலில் யாரோ அறுத்துவிட்டார்களாம். அறுந்தால் காவலுக்கு நிறுத்தப்பட்ட ஊர்க்காரர்களுக்குத்தான் ஜெயில். ஆனால் மேலே கம்பி மின்னுகிறதே!

"கம்பி இல்லீங்க, கஞ்சி போட்டு முறுக்குன தறிப் பாவு நூலுங்க," என்று என் காதில் சொல்கிறார் காவலுக்கு நிற்கும் நெசவாளி.

போலீஸ் கார் வருகிறது. அதிகாரி காரிலிருந்தே அண்ணாந்து பார்க்கிறார், திருப்தியாகத் தலையாட்டுகிறார், போயே போய்விட்டார்!

சிரிப்பை அடக்க முடியாமல் கேட்கிறேன்: "இந்த நூலில் சேதி எப்படி மைசூர் போகும்?"

"கம்பிய அறுத்த சேதிதானுங்களே சாமி? அது உங்களோட பஸ்ஸுலயே போகுதுங்க."