புள்ளி இல்லாத யசோதை

அன்புமணிக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுப்பதென்றால் கோயமுத்தூர் கணபதிப் பகுதிக்காரர்களுக்குக் கொஞ்சம் நடுக்கம்தான். பத்திரிகையை நீட்டினால் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று பார்க்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி லென்ஸை எடுத்து, அட்டையில் இருக்கும் பிள்ளையாரின் தும்பிக்கை மேல் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்வார். "சிவப்பு கொஞ்சம் தள்ளி உழுந்திருக்குதுங்க. எந்தப் பிரஸ்ஸுங்க?" என்பார். கொண்டுவந்தவருக்கு முகம் செத்துப்போகும்.

காரமடைப் பக்கம் தோட்டங்காடுகளில் கூலிக்குப் போன குடும்பம் அவருடையது. பத்தொன்பது வயதில் காந்திபுரத்தில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் சேர்ந்தவர், முப்பத்தொரு வருஷமாக அங்கேயேதான் இருக்கிறார். அங்கே அச்சாகிற படம் சாமியானாலும் சரி, சட்னிப் பொடியானாலும் சரி, லென்ஸில் பார்த்தால் நாலு நிறத்தில் பொடிப்பொடிப் புள்ளிகளாகத்தான் தெரியும். அந்தப் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்தே மனுஷனுக்குத் தலை நரைத்தது. "என் மூஞ்சியை இப்படி ஒரு நாளாச்சும் உத்துப் பார்த்திருப்பீங்களா?" என்று மனைவி கயல்விழி கேட்காத வாரமில்லை.

வாய் வேறு சும்மா இருக்காது. ஒரு புதுமனை புகுவிழாவில், வீட்டுக்காரர் பெருமையாக மாட்டியிருந்த 'ஆயில் பெயிண்டிங்'கைப் பந்தியில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டு, "பிரிண்டு மேல வார்னிஷைத் தடவியிருக்காங்க" என்று சொல்லிவிட்டார். கொங்குநாட்டு மரியாதை, யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. பாயசம் மட்டும் அவர் இலைக்கு வரவில்லை. அன்றிலிருந்து, படம் ஒரிஜினலா பிரிண்டா என்ற சந்தேகம் வந்தால் அன்புமணியைக் கேள் என்று ஊரில் பேராகிவிட்டது.

அப்படித்தான் பீளமேட்டு மில்லுக்காரர் வீட்டு ஹர்ஷா அவரைக் கூப்பிட்டான். அப்பா அரங்கசாமி காலமானபின் மில்லை வாடகைக்கு விட்டுவிட்டு, உடுமலைப்பேட்டை தாண்டி ஒரு ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தான். வீட்டுப் பூஜை அறையில் பழைய யசோதை படம் ஒன்று, மடியில் கண்ணனோடு. கையால் வரைந்த ஒரிஜினல் என்றால் ரிசார்ட் வரவேற்பறைக்குப் போகும். பிரிண்டு என்றால் வேண்டாம்.

இதில் உயிர் போவது அவனுடைய அம்மா லட்சுமியம்மாளுக்கு. பத்தொன்பது வயதில் பதினான்கு பேர் இருந்த வீட்டுக்கு மருமகளாக வந்து, பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் அந்த யசோதையிடம் பேச ஆரம்பித்தவர். நாற்பத்தொரு வருஷமாகக் காலைக் காபியோடு போய் மாமியாரின் குத்தல், புருஷனின் சர்க்கரை, மகனின் தாடி வரை எல்லாம் ஒப்பித்தாகிறது. "பெட்டியை இழுத்துட்டு வாரவங்க நடுவுல அவ நிக்கோணுமா?" என்று இரண்டு நாளாக அந்த அம்மாள் சாப்பிடவில்லை என்று சமையல்கார ராமாமணி வாசலிலேயே அன்புமணியிடம் சொல்லிவிட்டாள்.

பூஜை அறை நிலைப்படிக்கு வெளியே அவரை நிறுத்தினார்கள். படம் பத்தடி தள்ளி.

"அங்கிருந்தே பார்த்துச் சொல்லுங்க. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றார் லட்சுமியம்மாள். அந்தச் சிரமம் எதுவென்று நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அன்புமணி எட்டிப் பார்த்தார். கண்ணாடி முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தன. யசோதையின் ஒரு கண்ணும் கண்ணனின் ஒரு பாதமும்தான் வெளியே தெரிந்தன.

"இங்கிருந்து பார்த்தா சந்தனம் ஒரிஜினல்னு மட்டும் சொல்ல முடியுமுங்க."

படத்தைக் கழற்ற வேண்டும் என்றதும், "பூ கேட்டுப் பார்த்துடலாம்" என்றார் லட்சுமியம்மாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கிடையாது. ஒரு படம் ஒரிஜினலா என்று பார்ப்பதற்கு அந்தப் படத்திடமே அனுமதி கேட்ட கூத்தை அன்புமணி அன்றுதான் கண்டார்.

ராமாமணி எடுத்தாள். சிவப்பு. "மூணு தடவை பார்க்கலாம்மா" என்றான் ஹர்ஷா. மறுபடி சிவப்பு. மூன்றாவதும் சிவப்பு. ஹர்ஷா மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். அதற்குள்ளும் செவ்வரளி.

"நம்ம செடியில வெள்ளை பூக்கலை கண்ணு" என்றார் அம்மாள், அதையும் அந்த யசோதையைப் பார்த்துக்கொண்டே.

படம் ஹாலுக்கு வந்தது. அன்புமணி பின்பலகை ஆணிகளைப் பிடுங்கினார். கரையான் தின்ற சட்டம் கையோடு நாலாகப் பிரிந்தது. ஹர்ஷா செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தான். அன்புமணி லென்ஸை யசோதையின் கன்னத்தில் வைத்துக் குனிந்தார்.

புள்ளி இல்லை. உதட்டில் பார்த்தார், இல்லை. சேலைக் கரையில் சாயம் வரப்பு மாதிரி மேடுதட்டி நின்றது. கண்ணனின் முழங்காலருகே தூரிகையின் மயிர் ஒன்று சாயத்தோடு சேர்ந்து காய்ந்து கிடந்தது. யாரோ ஒரு மனுஷன் உட்கார்ந்து வரைந்திருக்கிறான். ஐம்பது வயதில் அன்புமணி லென்ஸில் பார்த்த முதல் ஒரிஜினல் அதுதான். 'அடடா, அடடா' என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

நிமிர்ந்தால் எதிரே லட்சுமியம்மாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையாக நின்றார்.

"பிரிண்டுங்க" என்றார் அன்புமணி.

"நல்லாத் தெரியுமா அங்கிள்?"

"அட, நாஞ்சொல்றேனுங்க தம்பி."

பாயசத்தையே இழந்து உண்மை பேசிய ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? லட்சுமியம்மாள் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. ஆனால் ஹர்ஷா விடவில்லை.

"அப்ப சரி. சட்டமும் போச்சு. உடைஞ்ச சாமி படம் ஊட்ல ஆகாது. அம்மாவுக்குன்னு லைட் எரியற புதுப் படம் ஆர்டர் பண்ணியாச்சு. இதை நீங்க போற வழியில அரச மரத்தடியில வெச்சுட்டுப் போயிடுங்க அங்கிள்."

படம் வேண்டும் என்று அம்மாள் அடம்பிடித்தால் மகன் இன்னொரு ஆளைக் கூட்டிவருவான். அன்புமணியும் அவரும் ஒருவரையொருவர் திருதிருவென்று பார்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

மரத்தடிக்குப் போனார். அங்கே ஏற்கெனவே பதினோரு சாமிகள் சாய்ந்து கிடந்தார்கள், நாலு பேர் அவர் அச்சடித்தவர்களே. மனசு வரவில்லை. வண்டியைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்து, வேறு சட்டம் போட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினார். திருட்டுக் கணக்கில் சேருமோ என்று அன்று முழுக்க வாசல் கதவைத் தாழிட்டே வைத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் ஸ்கூட்டி சத்தம். லட்சுமியம்மாள், கையில் காபி பிளாஸ்க்.

"ஏனுங்க, அவ இங்கதானுங்களா இருக்கா? பீளமேட்டுல இருந்து ஏழு அரச மரத்தடி தேடிப்போட்டு வாரேன்."

கயல்விழி பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். அம்மாள் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் யசோதையிடம் மகனைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து தினமும் இதேதான். மகனிடம் வாக்கிங் என்று சொல்லியிருந்தார். ஏழு மணி வரை இந்த வீட்டில் மிக்சி ஓடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது.

ஒன்பதாம் நாள் பேச்சை நிறுத்திவிட்டு அன்புமணி பக்கம் திரும்பினார்.

"நெசத்தைச் சொல்லுங்க. இது பிரிண்டுதானுங்களா?"

அன்புமணிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் இந்த அம்மாளின் வாயில் சாயங்காலம் வரைகூட நிற்காது. நாளைக்கே யசோதை உடுமலைப்பேட்டைக்குப் போய்விடுவாள்.

"பிரிண்டுதானுங்கம்மா."

"அதானே" என்று நிம்மதியாகச் சிரித்தார் லட்சுமியம்மாள். "ஒரிஜினலா இருந்தா உங்க ஊட்டுலயா உட்டு வெப்பாங்க?"

அதில் துளி விஷமம் இல்லை. பூவைப் பூ என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து யசோதையிடம் பேச ஆரம்பித்தார். அன்புமணியும் கூடச் சிரித்தார். பிறகு டம்ளர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய், கயல்விழிக்கும் முதுகைக் காட்டி நின்று, சத்தமில்லாமல் அழுதார்.