சூடு வராத பக்கம்

தேங்காய்ப்பட்டணம் பாவாவை யார் பார்த்தாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்ப வந்தீங்க? எப்ப போறீங்க?" இந்தத் தடவை மனிதர் விசாவைக் கேன்சல் பண்ணிவிட்டு ஒரேயடியாக வந்திருந்தார். ஊர் விடுமா? பள்ளிவாசல் முன்னால் கேட்டார்கள், மீன் வாங்கும் இடத்தில் கேட்டார்கள். போகவில்லை, போகவில்லை என்று சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மஸ்கட்டில் ஒரு பெரிய ஓட்டலில் குழாய் வேலை பார்த்தவர் பாவா. கல்யாணமான மறுவருஷம் போனவர், தலை நரைத்துத் திரும்பியிருக்கிறார். முகம் தெரியாதவர்களின் குளியலறைகளையெல்லாம் ஒழுகாமல் பார்த்துக்கொண்டார். சொந்த வீட்டை லீவுக்கு லீவு எட்டிப் பார்த்ததோடு சரி. வீடு கட்டியது, கிணறு வெட்டியது, மகளைக் கட்டிக்கொடுத்தது எல்லாம் மனைவி ஜுபைதா பீவி. லேசுப்பட்டவள் இல்லை அவள். இப்போதும் அவருக்கு மட்டும் ஷோகேஸிலிருந்து எடுத்த கண்ணாடிக் கோப்பையில் சாயா வருகிறது. அவள் ஸ்டீல் டம்ளரில் குடிக்கிறாள். லீவில் வந்த விருந்தாளிக்கு நடந்த உபசாரம் அப்படியே நடக்கிறது. இந்த வீட்டுக்கு நான் வேண்டுமா வேண்டாமா என்ற பயம் பாவாவின் நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது. யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு மதியம் சோறு தின்றுவிட்டுக் கண்ணயர்ந்தார். கனவில் ஓட்டலின் நீண்ட வராந்தா. கதவு கதவாகத் திறக்கிறார். எல்லா அறைக்குள்ளும் ஊர்க் கடல் கிடக்கிறது. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அதைத் தேடி நடக்கிறார், நடக்கிறார், வராந்தா முடியவே இல்லை. விழித்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. சொட்டுவது வீட்டுக் குளியலறையின் ஷவர் மிக்சர்.

வீடு கட்டும்போது அவரே மஸ்கட்டிலிருந்து கார்கோவில் அனுப்பியது அது. கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினால் சிவப்புப் புள்ளி, வெந்நீர். வலப்பக்கம் நீலம், பச்சைத் தண்ணீர். "ஹீட்டர நான் வந்து வைக்கேன்" என்று போனில் சொல்லியிருந்தார். வைத்தாரா? அதுதான் இல்லை. நம் கரையோரத்து கல்ஃப் வீடுகளில் இது ஒரு கூத்து. மிக்சர் இருக்கும், ஹீட்டர் இருக்காது. இரண்டு பக்கக் குழாயும் மொட்டைமாடித் தொட்டியிலிருந்தே வரும். எப்படித் திருப்பினாலும் பச்சைத் தண்ணீர்தான்.

பாவா வால்வை அடைத்துவிட்டுக் கைப்பிடியைக் கழற்றினார். வாசலில் ஜுபைதா வந்து நின்றாள்.

"பிளம்பரை விளிக்கட்டா?"

"அப்ப நான் யாராக்கும்?"

சொன்ன பிறகுதான் குரல் இடறியது அவருக்கே கேட்டது.

தண்ணீரைத் திறந்து மூடும் உள் உருளையான கார்ட்ரிட்ஜை உருவிப் பிரித்தார். தண்ணீரை அடைக்கும் பீங்கான் தகட்டில் மணல் உரசி உரசிக் கீறல் விழுந்திருந்தது. ஆனால் எல்லாம் ஒரே பக்கம், சிவப்புப் பக்கம். நீலப் பக்கம் நேற்று வாங்கியதுபோல் பளபளத்தது. இத்தனை காலக் குழாய் வேலையில் அவர் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"ஜுபைதா, நீ எப்பவும் சிவப்புப் பக்கந்தான் திருப்புவியா?"

"ஆமா."

"அதுல சூடு வராதுன்னு தெரியாதா?"

"தெரியாம என்ன? எனக்கென்ன கிறுக்கா?" அவள் தலையில் போட்டிருந்த தட்டத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "நீங்க வந்து வைக்கேன்னு சொன்னீங்கல்லா. அந்தப் பக்கம் திருப்பும்போ, நீங்க வருவீங்கன்னு ஒரு நெனப்பு. அவ்வளவுதான்."

பாவா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. தினமும் ஒருத்தி தன்னைத் தேடியிருக்கிறாள். அது தெரியாமல் இத்தனை நாள் கோப்பையைப் பார்த்துக் குமைந்திருக்கிறோமே!

மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த கருவிப் பெட்டியில் கிடந்த புதிய கார்ட்ரிட்ஜை மாட்டினார். சொட்டு நின்றது. சத்தம் அடங்கிய வீட்டுக்குள் கடலின் இரைச்சல் மெல்ல வந்து நிறைந்தது. பழைய தகட்டைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்.

வழியில் ஒருவன் பைக்கை நிறுத்தினான். "பாவா காக்கா, எப்ப போறீங்க?"

"எங்கலே போக? வீட்டுல இன்னும் ஹீட்டர் வைக்கல்ல."