“முகத்தைக் காட்டும்மா!”

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு ரமலான் யோசித்துவிட்டேன். எங்கள் ஜமாஅத்தின் மானம் போய்விடுமோ என்று பயம். உண்மையைச் சொன்னால், என் மானம் போய்விடுமோ என்ற பயம்தான் பெரிது. எட்டாவதோடு நின்றவன் நான். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செஞ்சியில், பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது நடந்தது. பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழைகள் வீட்டுக்கு அரிசி போய்ச் சேர வேண்டும் என்பது எங்கள் மார்க்கக் கடமை. அந்த வருடம் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர், அரிசியோடு சேமியா, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் பையில் போட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒரே நிபந்தனை, வாங்குகிற ஒவ்வொருவரையும் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

“பை மட்டும் தெரிஞ்சா போதாது பாய், ஆளும் தெரியணும்” என்றார் போனில்.

மாலை அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முன்னால் கொடுத்தோம். படம் எடுத்தவன் நான்தான். வரிசையில் எங்கள் தெருப் பெண் ஒருவர் வந்தார். கணவரை இழந்து, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் கூலி வேலைக்குப் போய்ப் பிழைப்பவர். துப்பட்டியால் முகத்தை மூடியிருந்தார்.

“முகத்தைக் காட்டும்மா. ஒரு நிமிஷந்தான்.”

“வேணாண்ணே. பைய மட்டும் படம் புடிச்சிக்குங்களேன்.”

பை தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், “இன்னாம்மா, கல்யாணப் பொண்ணாட்டம் வெக்கப்படுற? நோன்புக் கஞ்சி ஆறுது, சீக்கிரம்!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நோன்பு வைத்த வாயோடு நானும் சிரித்தேன். அவர் துப்பட்டியை விலக்கினார்.

படங்களை வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பிவைத்தேன். நோன்பு திறப்பதற்குள் அந்தப் படம் ஊரின் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் சுற்றியது. ஓரத்தில், பணம் கொடுத்த அந்த வள்ளலின் சிரித்த முகம் வேறு ஒட்டியிருந்தது. திண்டிவனத்துக்குப் புதிதாக வாழப்போயிருந்த அந்தப் பெண்ணின் மகளிடம், மாமியார் போனை நீட்டி, “உங்கம்மாவ பாரு, வரிசையில நிக்கிறாங்க” என்றாராம், உறவுக்காரர்கள் நடுவே.

மறுநாள் காலை அவர் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் அந்தப் பை, முடிச்சுகூட அவிழ்க்கவில்லை.

“அரிசிய திருப்பிக் குடுத்துட்டேண்ணே. என் முகத்த நீங்க திருப்பிக் குடுங்க.”

என் போனில் அழித்தேன். ஊரார் போன்களில் எப்படி அழிப்பது? அந்த வள்ளலைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன். “நாலு பேரு பாத்தாத்தான பாய் நாலு பேரு குடுப்பாங்க? இதுக்குப் போயி டென்ஷன் ஆவுறீங்களே!” என்று வைத்துவிட்டார். அந்தப் படத்துக்குக் கீழே ‘மாஷா அல்லாஹ்’ போட்டவர்களில் ஒருவராவது அந்தக் கண்களைப் பார்த்தாரா?

நாம் பசித்திருப்பதை அல்லாஹ் ஒருவன்தான் அறிவான்; தாகத்தை யாரும் படம் எடுப்பதில்லை. அவனுக்காக மறைவாகப் பட்டினி கிடந்துவிட்டு, ஒரு ஏழையின் பசியை ஊருக்குக் காட்டினோமே, இது என்ன நோன்பு? அந்த ஒரு நோன்பை நான் வைத்ததாகவே கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். “சரிண்ணே” என்றார், அவ்வளவுதான். இப்போதும் தெருவில் ஸலாம் சொல்கிறார். ஆனால் என்னைக் கண்டதும் அவர் கை தானாகத் துப்பட்டியை முகத்தின் மேல் இழுத்துவிடுகிறது.

படிப்பவர்கள் இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், என்னை நல்லவனாக்கவும் வேண்டாம். படம் மட்டும் எதுவும் சேர்த்துவிடாதீர்கள்.