மூன்று பல் குறிக்கு எது தலை?

பழைய பானை ஓடுகளில் இருக்கும் கீறல் குறிகளை இன்னும் யாராலும் படிக்க முடியவில்லை. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் ராமநாதபுரத்தில் எனக்கு வேலை. ஒவ்வொரு குறிக்கும் ஒரு எண், ஒரு ஃபான்ட் வடிவம். பட்டியல் யூனிகோட் என்கிற ஒருங்குறி அமைப்புக்குப் போகும். அங்கே எண் கொடுத்துவிட்டால் பிறகு ரத்து செய்ய மாட்டார்கள். தப்பாகப் போனால் தப்பாகவே இருக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதற்குக் கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும்.

அனுப்ப வேண்டிய நாள் மத்தியானம், கடைசியாக ஒருமுறை திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றாம் எண், சீப்புபோல் மூன்று பல் மேலே பார்க்கும் குறி. அறுபத்தேழு, அதே மூன்று பல் கீழே பார்ப்பது. இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓடுகளில் ஒன்றை ஸ்கேனரில் தலைகீழாக வைத்திருந்தால்?

மற்ற ஓடுகளில் பானையின் விளிம்பு ஒட்டியிருந்தது, கவலையில்லை. இந்த இரண்டிலும் விளிம்பு இல்லை. அந்தப் பானைகளுக்கு வாய்ப்பக்கம் கறுப்பு, அடிப்பக்கம் சிவப்பு. நிறம் தெரிந்தால் தலை தெரிந்துவிடும். ஆனால் கீறல் பளிச்சென்று விழ வேண்டும், ஃபைலும் சின்னதாக இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் எடுக்கச் சொல்லியிருந்தார் எங்கள் திட்ட டைரக்டர்.

அவருக்குப் போன் போட்டேன். "சாயங்காலத்துக்குள்ள போயாகணும்யா. இப்பப் போயி மேல கீழன்னு குழப்பாதீங்க," என்றார்.

ஓடுகள் பெரியபட்டினம் கிடங்கில் இருந்தன. அங்கே பொறுப்பில் இருந்தவர் தங்கச்சிமடத்து ஜெசிந்தா.

"தாயி, நாப்பத்தொண்ணு, அறுபத்தேழு ரெண்டு ஓட்டையும் எடுத்து, பல்லு கறுப்புப் பக்கம் பாக்குதா செவப்புப் பக்கமான்னு பாரும்மா."

"இங்கன கரண்ட் இல்லண்ணே. பையெல்லாம் மாத்தி அடுக்கிக் கெடக்கு. தேடிட்டுக் கூப்புடுறேன்."

வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. அனுப்பும் பட்டன் மேல் கை போவதும் வருவதுமாக இருந்தது. டைரக்டர் கூப்பிட்டார், எடுக்கவில்லை. வேலைக்கே உலை வைத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

வெயில் தாழ்ந்த பிறகு ஜெசிந்தாவின் போன் வந்தது.

"அண்ணே, நாப்பத்தொண்ணுல பல்லு கறுப்புப் பக்கம் பாக்குது."

"அறுபத்தேழு?"

"அதுலயும் கறுப்புப் பக்கந்தாண்ணே."

ஸ்கேனரில் தலைகீழாக வைத்திருந்தது அறுபத்தேழைத்தான்; இரண்டும் ஒரே குறி. அறுபத்தேழைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு டைரக்டரிடம் சொன்னேன்.

"படிக்கவே தெரியாத குறி. ஒண்ணு கூடுதலா இருந்தா யாருக்குய்யா நட்டம்?" என்று கத்தினார்.

"என்னைக்காவது படிக்க வாரவனுக்கு, சார்."

இப்போது மொத்தம் எத்தனை குறி என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "அனுப்புங்க," என்றார்.

வேண்டாம் என்று விட்ட நிறம்தான் தலையைக் காட்டிக்கொடுத்தது; நமக்குப் புரியாத ஒன்றில் எது வேண்டாதது என்றும் நமக்குத் தெரியாது. அன்றிலிருந்து கலரில்தான் ஸ்கேன் செய்கிறோம்.